ஓய்வும் உயிர்ப்பும்: கிறித்துவ மரபில் ஓய்வுநாள்

முன்னுரை

வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது இன்று உலகப் பொது வழக்காகிவிட்டது. பள்ளிக்கும் அலுவலகத்திற்கும் விடுமுறை என்ற அளவிலேயே அந்நாளைப் பலரும் அறிவர். ஆயினும், இவ்வழக்கின் முதன்மையான ஊற்று யூத சமயத்தின் 'சபாத்' என்னும் ஓய்வுநாளே ஆகும். அதனைக் கிறித்துவம் தன் போக்கில் ஏற்று வளர்த்தது. அந்நாள் கிறித்துவரின் ஆன்மிகப் புத்துணர்வுக்கு எவ்வாறு துணைசெய்கிறது என்பதை இக்கட்டுரை சொற்பொருள் வழிநின்று விளக்க முற்படுகிறது.

சொல்லும் பொருளும்

'ஓய்வு' என்றவுடன் நமக்குக் களைப்பே நினைவுக்கு வருகிறது. தொல்காப்பிய உரியியல், 'ஓய்தல்' என்னும் சொல்லை 'ஆய்தல்', 'நிழத்தல்', 'சாஅய்' ஆகியவற்றோடு சேர்த்து, முன்பிருந்த நிலையிலிருந்து குறைந்து நுண்ணிதாதல் என்னும் பொருளில் வைக்கிறது. இன்றைய வழக்கில் இச்சொல் இருவகையாக ஆளப்படுகிறது. 'கை ஓய்ந்துவிட்டது' என்னும்போது வலுவிழத்தலைக் குறிக்கிறோம். 'மழை ஓய்ந்தது' என்னும்போது நின்றுபோதலைக் குறிக்கிறோம். எபிரேய மொழியில் 'சபாத்' என்னும் சொல், நிறுத்துதல் என்னும் பொருள்தரும் வினையோடு தொடர்புடையது. ஆகவே, அது மழை ஓய்வதைப் போன்றதேயன்றிக் கை ஓய்வதைப் போன்றதன்று.

இவ்வேறுபாடு முக்கியமானது. கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார் எனத் தொடக்கநூல் (ஆதியாகமம்) கூறுகிறது. கடவுள் களைப்படைவதில்லை என எசாயா நூல் தெளிவாக உரைப்பதால், அவ்வோய்வு அயர்ச்சியினால் வந்ததன்று. பணி நிறைவுற்றதன் அடையாளமே எனலாம்.

இரு காரணங்கள்

பத்துக் கட்டளைகள் விவிலியத்தில் இரண்டு இடங்களில் காணப்படுகின்றன. ஓய்வுநாள் கட்டளை இரண்டிலும் உண்டு. ஆனால், அதற்குத் தரப்படும் காரணங்கள் வேறாகின்றன. விடுதலைப் பயணம் (யாத்திராகமம்) 20ஆம் அதிகாரம் படைப்பைக் காரணமாகக் காட்டுகிறது. இணைச்சட்டம் (உபாகமம்) 5ஆம் அதிகாரமோ, எகிப்தில் அடிமைகளாக இருந்ததையும் அங்கிருந்து மீட்கப்பட்டதையும் நினைவூட்டுகிறது. அடிமைக்குத் தனக்கென்று ஒரு பொழுது இல்லை. தன் பணியைத் தானே நிறுத்திக்கொள்ளும் உரிமை விடுதலை பெற்றவர்க்கே உண்டு. அவ்வுரிமை குடும்பத் தலைவரோடு முடிந்துவிடுவதில்லை. மகன், மகள், பணியாள், பணிப்பெண், கால்நடை, உடன்வாழும் அந்நியர் ஆகிய அனைவரையும் கட்டளை பெயர்குறித்துச் சேர்த்துக்கொள்கிறது. லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை நிலத்திற்கும் ஓய்வு வேண்டும் என்கிறது.

உயிர்ப்பு என்னும் புத்துணர்வு

விடுதலைப் பயணம் 23ஆம் அதிகாரம், அடிமைப் பெண்ணின் மகனும் அந்நியரும் ஓய்வுநாளில் அடையும் புத்துணர்வைக் குறிக்க ஒரு தனிச் சொல்லை ஆள்கிறது. அது 'நெபெஷ்' என்னும் பெயரோடு உறவுடைய வினை. மீண்டும் மூச்சு வாங்குதல் என்பது அதன் பொருள். 31ஆம் அதிகாரத்தில் அதே வினை கடவுளுக்கும் ஏற்றிச் சொல்லப்படுகிறது. 'நெபெஷ்' என்பது மூச்சு, உயிர் ஆகிய இரண்டையும் தழுவி நிற்பது. தமிழிலும் 'உயிர்த்தல்' மூச்சுவிடுதலையும் 'உயிர்ப்பு' மூச்சையும் குறிப்பது ஆசிரியர்கள் அறிந்ததே. தமிழ்க் கிறித்துவ வழக்கில் 'உயிர்ப்பு' என்பது இயேசு உயிர்த்தெழுந்ததற்கும் பெயராயிற்று. இது மொழியில் நேர்ந்த பொருத்தமே எனினும், ஓய்வுநாளையும் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து எண்ணிப் பார்க்க நமக்கு உதவுகிறது.

சபாத்தும் ஞாயிறும்

இயேசு உயிர்த்தெழுந்த நாள் என்பதால் வாரத்தின் முதல் நாளில் கூடி வழிபடும் வழக்கம் தொடக்கக் காலத் திருச்சபையில் உருவானது. கி.பி. 321இல் உரோமைப் பேரரசர் கான்ஸ்டன்டைன், நகர மக்களுக்கு ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாளாக அறிவித்தார். உழவர்களுக்கு விலக்கு அளித்தார். 1863இல் அமைப்பாக உருப்பெற்ற ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் திருச்சபையினர் இன்றும் சனிக்கிழமையையே கடைப்பிடிக்கின்றனர்.

நாள் குறித்துக் கருத்து வேறுபாடு இருந்தாலும் நோக்கம் குறித்து நற்செய்தி நூல்கள் தெளிவாக உள்ளன. மனிதருக்காகவே ஓய்வுநாள் உண்டாயிற்று என்பது மாற்கு நற்செய்தியில் இயேசுவின் கருத்து. மத்தேயு நற்செய்தியில், சுமை சுமப்போரை இளைப்பாற அவர் அழைத்த பகுதியை அடுத்தே ஓய்வுநாள் பற்றிய வாதம் இடம்பெறுகிறது. ஓய்வு என்பது விதியாக மட்டும் நின்றால் அதுவே சுமையாகிவிடும் என்பதை இவ்வைப்புமுறை உணர்த்துகிறது எனக் கொள்ளலாம்.

நம் சூழலில்

மலேசியாவில் கெடா, கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் ஞாயிற்றுக்கிழமை வேலைநாள். ஜொகூரில் 2014 முதல் 2024 வரை இந்நிலை இருந்தது. மருத்துவமனைகளிலும் தொழிற்சாலைகளிலும் முறைமாற்றுப் பணி செய்வோர்க்கு எங்கும் இதே நிலைதான். இத்தகையோர் ஓய்வுநாளை இழந்தவர்களா என்னும் வினா எழுகிறது. ஒருவர் ஒரு நாளைச் சிறப்பாகக் கருதலாம், மற்றொருவர் எல்லா நாளையும் ஒன்றாகக் கருதலாம் என உரோமையர் திருமுகத்தில் பவுல் இடமளிக்கிறார். எனவே, நாள் மாறலாம். பணியை நிறுத்தி இறைவன் முன் அமரும் பொழுது வாழ்விலிருந்து அகன்றுவிடக் கூடாது.

மற்றொன்றும் இங்குக் கருதத்தக்கது. சிங்கப்பூரில் இல்லப் பணிப்பெண்களுக்கு வார ஓய்வுநாள் 2013 முதல் விதியாயிற்று. ஆயினும், அந்நாளுக்கு ஈடாகப் பணம் தர இடம் இருந்தது. மாதம் ஒரு நாளையேனும் பணத்தால் ஈடுசெய்ய இயலாது என்னும் விதி 2023இல்தான் வந்தது. குடும்பத்தார் வழிபாட்டிற்குச் செல்ல, பணிப்பெண் அடுக்களையில் நிற்பாராயின், கட்டளையின் முதற்காரணம் நினைக்கப்பட்டு இரண்டாம் காரணம் மறக்கப்பட்டது என்றே பொருள்.

முடிவுரை

ஓய்வுநாள் உழைப்புக்குக் கிடைக்கும் கூலியன்று. உழைப்பதற்கு முன்பே வழங்கப்பட்ட கொடை. நிறுத்துதல், விடுதலை, உயிர்ப்பு ஆகிய மூன்றும் அதில் இணைந்துள்ளன. தாம் மூச்சு வாங்கும் பொழுதில் பிறரும் மூச்சு வாங்க இடமளிப்பவரே அந்நாளை முழுமையாகக் கடைப்பிடிப்பவர் எனலாம்.