கட்டளை வரியும் நம்பிக்கைச் சங்கிலியும்

நுழையும்முன்

கைப்பேசியில் ஒரு செயலியைப் பெற ஒருமுறை தொட்டால் போதும். அச்செயலி எங்கிருந்து வருகிறது, எங்கே அமர்கிறது, யாருடைய இசைவுடன் இயங்குகிறது என்பவை பயனரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. யூனிக்ஸ் வழிவந்த இயக்க அமைப்புகளில் கட்டளை வரியின் வாயிலாக ஒரு கருவியை நிறுவும்போது இம்மூன்றையும் பயனர் அறிந்துகொள்ள முடியும். கணினியை அறிந்து ஆள விரும்புவோர்க்கு இவ்வறிவு அடிப்படையாகும்.

எழுத்தால் இயங்கும் கணினி

1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் யூனிக்ஸ் இயக்க அமைப்பை உருவாக்கத் தொடங்கினர். அக்காலத்தில் சுட்டியும் படக்குறிகளும் பரவலாக வழக்கிற்கு வரவில்லை. பயனர் தம் கட்டளையை எழுத்தாகத் தட்டச்சு செய்வார். கணினியும் எழுத்தாகவே விடையளிக்கும். இதுவே கட்டளை வரி எனப்படுகிறது. ஒவ்வொரு கருவியும் ஒரு பணியைச் செவ்வனே செய்ய வேண்டும். பல கருவிகளை இணைத்துப் பெரும்பணிகளை முடிக்க வேண்டும் என்பது யூனிக்ஸின் கொள்கை.

1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும், ஆப்பிள் நிறுவனத்தின் மேக் ஓஎஸ் அமைப்பும் இம்மரபைப் பின்பற்றுவனவே. வேண்டிய சிறு கருவியை வேண்டும்போது நிறுவிக்கொள்வது இவ்வமைப்புகளில் அன்றாடப் பணியாகும்.

நிறுவுதல் என்னும் செயல்

'ட்ரீ' என்பது ஒரு சிறு கருவி. ஒரு கோப்புறையில் உள்ளவற்றைக் கிளை பிரிந்த மரம்போல் அது திரையில் வரைந்து காட்டும். இக்கருவி இல்லாத கணினியின் முனையத்தில் அதன் பெயரைத் தட்டச்சு செய்தால், கட்டளை காணப்படவில்லை என்னும் செய்தியே தோன்றும்.

முனையத்தில் கட்டளையைப் பெறும் நிரலுக்கு 'ஷெல்' என்று பெயர். 'பாத்' எனப்படும் பட்டியல் ஒன்று அதனிடம் உண்டு. அப்பட்டியலில் குறிக்கப்பட்ட கோப்புறைகளை ஷெல் வரிசையாகத் தேடும். எதிலும் அப்பெயர் இல்லையெனில் தேடலைக் கைவிடும். கருவி கணினியில் இருந்தும், பட்டியலில் இடம்பெறாத கோப்புறையில் கிடந்தால் இதே செய்திதான் கிடைக்கும்.

ஆகவே, நிறுவுதல் என்பது மூன்று செயல்களை உள்ளடக்கியது. கருவியின் கோப்பை உரிய கோப்புறையில் வைத்தல் முதலாவது. அக்கோப்பை இயக்கும் உரிமையை அளித்தல் இரண்டாவது. அக்கருவி சார்ந்திருக்கும் பிற நிரல் நூலகங்களையும் சேர்த்து வைத்தல் மூன்றாவது.

மூல நிரலிலிருந்து பொதிக்கு

தொடக்கத்தில் பயனர்கள் கருவியின் மூல நிரலைப் பெற்றுத் தாமே அதனை இயங்கும் வடிவிற்கு மாற்றினர். 'கான்ஃபிகர்' என்னும் கட்டளை, தேவையானவை கணினியில் உள்ளனவா என ஆராயும். 'மேக்' என்பது மூல நிரலை இயங்கும் கோப்பாக மாற்றும். 'மேக் இன்ஸ்டால்' என்பது அக்கோப்பை உரிய இடத்தில் வைக்கும். இன்றும் இம்முறை வழக்கில் உள்ளது. எனினும், ஒரு நூலகம் இல்லையெனில் பணி பாதியில் நின்றுவிடும். அந்நூலகத்தைத் தேடிச் சென்றால் அது வேறொன்றைக் கேட்கும். நிறுவியதை நீக்குவதும் எளிதன்று.

இச்சிக்கலைத் தீர்க்கப் பொதி மேலாளர் என்னும் மென்பொருள்கள் தோன்றின. இயங்கும் கோப்பு, அதன் சார்புகளின் பட்டியல், விளக்கக் குறிப்பு ஆகியவற்றை ஒன்றாகக் கட்டியதே பொதி. பொதிகள் சேமிக்கப்பட்ட இடம் களஞ்சியம். 1993இல் இயன் முர்டாக் தொடங்கிய டெபியன் திட்டம், 1999இல் வெளியிட்ட தன் 2.1ஆம் பதிப்பில் 'ஆப்ட்' என்னும் பொதி மேலாளரை அளித்தது. 'சூடோ ஆப்ட் அப்டேட்' என்னும் கட்டளை களஞ்சியத்தின் அண்மைப் பட்டியலைக் கொண்டுவரும். 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ட்ரீ' என்பது கருவியையும் அதன் சார்புகளையும் நிறுவும். ஃபெடோராவில் 'டிஎன்எஃப்', மேக் ஓஎஸ்ஸில் 'ஹோம்புரூ' ஆகியவை இதே பணியைச் செய்கின்றன.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்ட இயக்க அமைப்பாகும். ஆதலின், ஆப்ட் கட்டளைகள் அதிலும் செயல்படும்.

கைரேகையும் கையொப்பமும்

களஞ்சியத்தின் படிகள் உலகெங்கும் பல வழங்கிகளில் வைக்கப்பட்டுள்ளன. வரும் வழியில் ஒரு பொதியை எவரேனும் மாற்றிவிட்டால் எவ்வாறு அறிவது? இதற்குக் கணிதம் துணைபுரிகிறது. 'எஸ்எச்ஏ-256' என்னும் கணிப்பு முறை, எவ்வளவு பெரிய கோப்பையும் 64 குறியீடுகள் கொண்ட ஒரு தொடராகச் சுருக்கிக் காட்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அத்தொடர் முற்றிலும் வேறாகிவிடும். எனவே, அதனைக் கோப்பின் கைரேகை எனலாம்.

ஒவ்வொரு பொதியின் கைரேகையும் களஞ்சியப் பட்டியலில் பதியப்படுகிறது. அப்பட்டியலின் கைரேகை ஒரு தலைமைக் கோப்பில் பதியப்படுகிறது. அத்தலைமைக் கோப்பில் வெளியீட்டாளர்கள் எண்மக் கையொப்பம் இடுகின்றனர். அக்கையொப்பத்தைச் சரிபார்க்கும் திறவுகோல் பயனரின் கணினியிலேயே உள்ளது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி பொருந்தாவிடினும் ஆப்ட் எச்சரிக்கை விடுத்து நின்றுவிடும்.

இத்துணைக் காவல் தேவைப்படுவதற்குக் காரணம் 'சூடோ' என்னும் சொல்லாகும். அது, பின்வரும் கட்டளைக்குக் கணினி நிருவாகியின் முழு அதிகாரத்தையும் வழங்குகிறது. அவ்வதிகாரம் பெற்ற நிரல் எக்கோப்பையும் மாற்றலாம், அழிக்கலாம். சில கருவிகளை நிறுவ, இணையத்திலிருந்து ஒரு கட்டளைத் தொகுப்பை இறக்கி உடனே இயக்கும் ஒற்றை வரி தரப்படுவதுண்டு. அவ்வழியில் மேற்கண்ட சங்கிலி இல்லை. ஆதலின், அத்தொகுப்பை முதலில் கோப்பாகச் சேமித்து, படித்துப் பார்த்த பின்னரே இயக்குதல் நன்று.

அரை நொடித் தாமதம்

கையொப்பம், பொதியை அனுப்பியவர் யார் என்பதை மட்டுமே உறுதிசெய்யும். அவர் நேர்மையானவர் என்பதை உறுதிசெய்யாது. இவ்வுண்மையை 2024ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று உணர்த்தியது. தரவைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' என்னும் கருவி பெரும்பாலான லினக்ஸ் அமைப்புகளில் உள்ளது. அதன் பராமரிப்புப் பணியில் புனைபெயரில் இணைந்த ஒருவர், ஈராண்டுகளுக்கு மேலாகப் பங்களித்து நம்பிக்கையைப் பெற்றார். பின்னர், 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் மறைவாயில் ஒன்றைப் புகுத்தினார். அதனை இயக்கத் தேவையான ஒரு பகுதி, அனைவரும் பார்வையிடும் மூல நிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுத் தொகுப்பில் மட்டுமே இருந்தது.

ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர், டெபியனின் சோதனைப் பதிப்பு ஒன்றில் தொலைநிலை நுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். சிறு தாமதம்தானே என்று அவர் விட்டுவிடவில்லை. காரணத்தைத் தேடிச் சென்று, மார்ச் 29 அன்று உண்மையை உலகிற்கு அறிவித்தார். அப்பதிப்புகள் டெபியனின் நிலைத்த வெளியீட்டை எட்டும் முன்னரே தடுக்கப்பட்டன. மூல நிரலும் தொகுப்பும் எவரும் ஆராயக்கூடியவையாக இருந்தமையால்தான் தொடர்பற்ற ஒருவரால் அக்குறையைக் கண்டறிய முடிந்தது.

ஒரு கருவியை நிறுவும் ஒற்றை வரிக்குப் பின்னால், அதனை எழுதியவர், பொதியாகக் கட்டியவர், கையொப்பமிட்டவர் எனப் பலரது உழைப்பு உள்ளது. அச்சங்கிலியின் இறுதிக் கண்ணி பயனரே ஆவார். தாம் எழுதும் கட்டளையின் பொருளை உணர்ந்து, அது வரும் இடத்தை ஆராய்ந்து, அதன் பின்னரே அதிகாரம் அளிப்பவரின் கையில் அச்சங்கிலி வலுப்பெறுகிறது.