வேர்ட்பிரெஸ் எம்யூ

வேர்ட்பிரெஸ் எம்யூ என்பது ஒரே நிறுவலைக் கொண்டு பல வலைப்பதிவுகளை நடத்த உதவிய கட்டற்ற மென்பொருள் ஆகும். இது பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்டது. 2010 ஜூனில் வெளியான வேர்ட்பிரெஸ் 3.0 பதிப்பில் இது முதன்மை மென்பொருளுடன் இணைக்கப்பட்டது. இவ்வசதி இன்று மல்டிசைட் என அழைக்கப்படுகிறது.

பகிர்வு வழங்கியில் நிறுவுதல்

பயனர் அட்டவணைகள் அனைத்து வலைப்பதிவுகளுக்கும் பொதுவானவை. இடுகைகளுக்கு, ஒவ்வொரு வலைப்பதிவுக்கும் எண்ணிட்ட தனி அட்டவணைகள் உருவாகின்றன. ஆகையால் ஒரே மையெஸ்க்யூஎல் தரவுத்தளம் போதுமானது.

வலைப்பதிவுகளின் முகவரிகளைத் துணை ஆள்களங்களாகவோ துணை அடைவுகளாகவோ அமைக்கலாம். முதல் முறைக்கு, எல்லாத் துணைப் பெயர்களையும் ஒரே நிறுவலுக்குத் திருப்பும் உடுக்குறிப் பதிவு (*) ஆள்களப் பெயர் முறைமையில் தேவை. எல்லாப் பகிர்வு வழங்கிகளும் இதற்கு இடமளிப்பதில்லை. இரண்டாம் முறைக்கு இப்பதிவு தேவையில்லை; அப்பாச்சி வழங்கியாயின் அதன் மாட் ரீரைட் கூறு இயங்கினால் போதும்.

எனினும், ஒரு மாதத்துக்கு முற்பட்ட இடுகைகள் உள்ள தளத்தில் துணை அடைவு முறையை வேர்ட்பிரெஸ் இயல்பாக அனுமதிப்பதில்லை. பழைய இடுகைகளின் முகவரிகளும் புதிய வலைப்பதிவுகளின் முகவரிகளும் ஒன்றோடொன்று மோதக்கூடும் என்பதே காரணம். உடுக்குறிப் பதிவுக்கு இடமளிக்காத வழங்கியில், இத்தகைய பழைய தளத்துக்கு இரு வழிகளும் அடைபடுகின்றன. எனவே முகவரி முறையை, எழுதத் தொடங்கும் முன்பே முடிவு செய்தல் வேண்டும்.