புழுவும் இலையும் வண்ணத்துப்பூச்சியும்

தொல்காப்பிய மரபியல், பார்ப்பு, பறழ், குட்டி முதலாக ஒன்பது இளமைப் பெயர்களைக் கூறுகின்றது. அப்பெயர்களைப் பெறும் உயிர்களிற் பல, இளமையிலேயே தாயை ஒருவாற்றான் ஒத்திருப்பன. கன்றைக் கண்டார் ஆவினை உணர்வர். புலிப்பறழைக் கண்டார் புலியை அறிவர். வண்ணத்துப்பூச்சியின் நிலை அஃதன்று. அதன் இளமை புழுவாகவும் முதுமை சிறகுடையதாகவும் அமைதலின், வழக்கு இரண்டையும் வேறுவேறு உயிர்கள் போலவே பெயரிட்டு வைத்தது. கம்பளிப்பூச்சி என்ற ஒரு பெயரால் பல்வேறு இனத்துப் புழுக்களைக் குறிக்கின்றோம். எப்புழு எச்சிறகாக மாறும் என்பதை அப்பெயர் உணர்த்துவதில்லை. இவற்றை இணைத்தறிய உதவும் முதற்கருவி புழு தின்னும் இலையே என்பதை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

முதற்கண் உடற்குறிகளைக் காண்போம். வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி ஆகிய இருவகைப் புழுக்களுக்கும் தலையை அடுத்து மூன்று இணை உண்மைக் கால்கள் உண்டு. அவற்றின் பின்னே, ஐந்து இணைக்கு மேற்படாத தசைக்கால்கள் இருக்கும். தசைக்கால்கள் ஆறிணையோ அதற்கு மேலோ இருப்பின், அது குளவியின் உறவான வேறோர் இனத்தின் புழுவாகும். அடர்ந்த சுணைமயிர் போர்த்தவை பெரும்பாலும் அந்துப்பூச்சியின் புழுக்களே. நிலக்கடலைப் பயிரை அழிக்கும் சிவப்புக் கம்பளிப்புழு இதற்குச் சான்று. ஆயினும் மயிரில்லாதன எல்லாம் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் எனத் துணிதல் கூடாது; மயிரற்ற அந்துப்புழுக்களும் பல உள.

இனி, இலைக்கு வருவோம். தாய்ப்பூச்சி கண்ட செடியிலெல்லாம் முட்டையிடுவதில்லை. இலையின்மேல் அமர்ந்து, கால்களிலுள்ள சுவையுணர் உறுப்புக்களால் அதனைத் தேர்ந்த பின்னரே இடும். பல இனப் புழுக்கள் ஒரு செடியையோ, அதற்கு உறவான சில செடிகளையோ அன்றிப் பிறவற்றை உண்ணா. ஆதலின் செடியை அறிந்தார்க்குப் புழுவை அறியும் வழி பாதி திறந்துவிடுகின்றது. செருமனியிற் பிறந்த மரியா சிபில்லா மெரியன் என்னும் அம்மையார், 1679-இல் வெளியிட்ட நூலில் புழு, கூட்டுப்புழு, சிறகுடைய பூச்சி ஆகியவற்றை அவற்றின் உணவுச் செடியோடு சேர்த்து ஒரே தாளில் வரைந்து காட்டினார்.

நம் நாட்டு எருக்கினை எடுத்துக்கொள்வோம். அதன் இலையில், கருமை வெண்மை மஞ்சள் ஆகிய வளையங்களும், முதுகில் மூன்று இணைக் கரிய நீட்சிகளும் உடைய மயிரற்ற புழுவைக் காணலாம். அதுவே வெந்தய வரியன் எனப்படும் செம்மஞ்சள் நிறப் பூச்சியாக மாறுவது. எலுமிச்சை, நாரத்தை, வில்வம் ஆகியவற்றின் இலையில் பறவை எச்சம் போலத் தோன்றும் சிறு புழு, வளர்ந்தபின் பச்சை நிறம் பெறும். அதனைத் தீண்டினால் தலைக்குப் பின்னிருந்து கவைத்த உறுப்பொன்று வெளிப்பட்டுக் கடுநாற்றம் வீசும். அது எலுமிச்சை அழகியின் புழு. இப்பெயரும், கறிவேப்பிலை அழகி என்னும் பெயரும், சிறகைப் புழுவின் உணவால் சுட்டுவன என்பது நோக்கத்தக்கது.

சிறகின் நிறமே போதிய அடையாளம் ஆகாதோ எனின், ஆகாது. கறிவேப்பிலை அழகியின் பெண்களிற் சில, ஆண் போன்ற தோற்றம் உடையன. பிற, சிவந்த உடலுடைய வேறு இருவகை அழகிகளை ஒத்திருப்பன. இவ்வொப்புமையை ஆல்பிரட் ரசல் வாலசு 1865-இல் விளக்கினார். ஒக்கப்படும் அவ்விரண்டின் புழுக்களோ ஆடுதின்னாப்பாளை, பெருமருந்து முதலிய கொடியினத்தை உண்டு, அவற்றின் நஞ்சை உடலிற் கொள்வன. அதனால் பறவைகள் அவற்றை விலக்கும். நஞ்சற்ற பூச்சி அவ்வேடம் பூண்டு உயிர் தப்புகின்றது. அவ்வாறே வெந்தய வரியனைப் போன்ற பெண்பூச்சி ஒன்றின் புழு, எருக்கை அண்டாது பருப்புக்கீரையை உண்ணுகின்றது. சிறகு மயக்கும் இடத்தில் இலை தெளிவிக்கின்றது.

இக்கருவிக்கும் எல்லை உண்டு. ஒரு செடியில் பல இனங்கள் வாழ்தல் கூடும். ஆமணக்கில் முள்ளுடைய வண்ணத்துப்பூச்சிப் புழுவும் இருக்கும். அந்துப்பூச்சியினதாகிய காவடிப்புழுவும் இருக்கும். எலுமிச்சையிலோ இருவகை அழகிகளின் இளம்புழுக்களும் ஒன்றுபோலவே தோன்றும். ஆண்டெல்லாம் அதே இலையைக் கொடுத்து வளர்த்து, வெளிப்படும் சிறகைக் காண்பதே ஐயம் நீங்கும் வழி. மேலும், சிறகுடைய பூச்சி பல மலர்களிற் தேன் உண்ணும். ஈரமண்ணில் உப்புநீர் உறிஞ்சும். தொலைவிடங்களுக்குப் பெயர்ந்தும் செல்லும். ஆதலின் பூச்சி பறந்த இடம் வேறு, அது பிறந்து வளர்ந்த இடம் வேறு எனப் பிரித்தறிதல் வேண்டும்.

வாழிடம் என்பது உணவுச் செடி வளரும் நிலமே. எருக்கு வறண்ட வெளியிலும் பாழிடத்திலும் செழித்தலின் வெந்தய வரியனை ஊர்ப்புறத்தே எளிதிற் காண்கின்றோம். 2019-இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பெற்ற தமிழ் மறவனோ மலைக்காடு சார்ந்தது. அதன் புழு நீரடிமுத்து இனத்து மரங்களின் இலையை உண்பது. அம்மரங்கள் அழியின், மலரெல்லாம் நிறைந்த சோலையும் அதற்குப் பயன்படாது. எருக்கையும் ஆடுதின்னாப்பாளையையும் களையென அகழ்ந்தெறிந்துவிட்டுப் பூச்சிகள் குறைந்தன என வருந்துவார் இக்காரணத்தை உணர்தல் நலம்.

இதனாற் தமிழாய்வுக்கு வரும் பயன் யாது? மரமும் புள்ளும் மாவும் உணாவும் நிலத்தொடு பொருந்தியன என்பது அகத்திணையிற் கருப்பொருள் கூறும் முறை. உயிரை அதன் நிலத்தினின்றும் பிரியாது காணும் அப்பார்வை நமக்குப் புதிதன்று. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி போன்றவற்றை மேலும் விரிவுபடுத்துவோர், பூச்சி வகை, புழு வகை என்று பொருள் கூறும் அளவில் அமைதல் போதாது. எவ்வூர் வழக்கு, எச்செடிமேற் காணப்படுவது, புழுவின் பெயரா சிறகின் பெயரா என்னும் மூன்றையும் குறித்தல் வேண்டும். வட்டார வழக்குச் சொற்களைத் திரட்டும் மாணவர், உழவரிடமும் மருந்துச்செடி பறிப்பாரிடமும் பெயரைக் கேட்கும்போதே அவ்விலையையும் பெற்று உலர்த்தி வைப்பாராயின், அச்சொல்லின் பொருள் ஐயமின்றி நிலைபெறும். சொன்னவர் மறைந்து, செடியும் அருகிய பின் அப்பொருளை உய்த்துணர்தல் அரிது. ஆதலின் பெயரும் இலையும் ஒருங்கே தொகுக்கப்படுதல் வேண்டும் என்பது எம் கருத்து.