ஜோடி மீன் சண்டை... தீர்த்துவைக்கும் கொட்டாங்குச்சி!

ஏரி, குளம் வற்றும்போது தரையில் கிண்ணம் கிண்ணமாகப் பள்ளங்கள் தெரியும். ஜிலேபிக் கெண்டை என்று சொல்லப்படும் திலேப்பியாவின் ஆண் மீன் வாயால் தோண்டிய பள்ளங்கள் அவை. அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் இன்னோர் ஆண் வந்தால், முட்டி மோதி விரட்டிவிடும். 1952-ம் ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீன், ‘சிக்லிட்’ என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. கேரளாவில் பேர்பெற்ற கரிமீனும் அதே குடும்பம்தான்.

வண்ண மீன் கடைகளில் கிடைக்கும் ராம், கிரிபென்சிஸ், அபிஸ்டோகிராமா ஆகியவை இந்தக் குடும்பத்தின் குட்டி உறவினர்கள். விரல் நீளம்தான் இருக்கும். ஆனால், இடத்தை விட்டுக்கொடுக்காத குணம் அப்படியே இருக்கிறது. ஜோடி என்று வாங்கிவந்து விட்ட சில நாள்களில், ஒரு மீன் துடுப்பு கிழிந்து மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். கவனிக்காமல் விட்டால் செத்து மிதக்கும். குஞ்சு எடுத்து விற்கலாம் என்று நினைத்த குடும்பத்துக்கு, ஜோடி வாங்கிய காசு அதோடு போய்விடும்.

ஏன் இந்தச் சண்டை?

ஓடையில் வாழும்போதும் இந்த மீன்கள் சண்டை போடுகின்றன. தோற்ற மீன் கொஞ்ச தூரம் நீந்திப்போனால் சண்டை முடிந்துவிடும். தொட்டியில் ஓடி ஒளிய இடம் இல்லை. எந்த மூலைக்குப் போனாலும் எதிரியின் கண்ணில் படுகிறது. அதனால் அடி ஓய்வதே இல்லை.

முட்டையிடும் பருவத்தில் கோபம் இன்னும் கூடும். ஆண் தயாராக இருந்து பெண் தயாராகவில்லை என்றால், பெண்ணுக்கு அடி விழும். ‘ஜோடி’ என்று வாங்கியவை இரண்டுமே ஆணாக இருப்பதும் உண்டு. ராம் மீனில் பெண்ணின் வயிறு இளஞ்சிவப்பாக இருக்கும். ஆணின் முதுகுத் துடுப்பில் முன்பக்க முட்கள் நீண்டிருக்கும். கிரிபென்சிஸ் பெண்ணுக்கு வயிற்றில் கருஞ்சிவப்பு நிறம் பளிச்சென்று தெரியும்.

தானாகச் சேரும் ஜோடி!

கடைக்காரர் பிடித்துக் கொடுக்கும் இரண்டு மீன்களைவிட, சிறு பருவத்திலேயே ஆறு மீன்களை ஒன்றாக வாங்கி வளர்ப்பது நல்லது. வளர்ந்த பிறகு இரண்டு மீன்கள் சேர்ந்து நீந்தி, மற்றவற்றை விரட்டத் தொடங்கும். அதுதான் உண்மையான ஜோடி. உடனே மீதி நான்கையும் வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும்.

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டி ஒரு ஜோடிக்குத்தான் சரிப்படும். இந்த மீன்கள் தரையைத்தான் பங்கு போடுகின்றன. அதனால் உயரமான தொட்டியைவிட, நீளமான தொட்டியே ஏற்றது. அபிஸ்டோகிராமாவில் ஓர் ஆண், பல பெண்களோடு வாழும். ஓர் ஆணும் இரண்டு பெண்களும் வைக்க 3 அடித் தொட்டி வேண்டும்.

காசில்லாத மறைப்பு!

ஒரு பெண்ணுக்கு ஒரு குகை, கூடுதலாக ஒன்று என்பது கணக்கு. கொட்டாங்குச்சியை நன்றாகக் கொதிக்கவைத்து, சாயம் இறங்காமல் நிற்கும் வரை தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். பிறகு விளிம்பில் சிறிய வாசல் வெட்டி, கவிழ்த்துவைத்தால் குகை தயார். பெண் மட்டும் நுழையும் அளவுக்கு வாசல் இருந்தால், உடம்பு பெருத்த ஆண் உள்ளே வர முடியாது. உடைந்த மண்சட்டித் துண்டும் இதற்கு உதவும். ராம் மீன் குகைக்குள் முட்டையிடாது. அதற்குத் தட்டையான கல் போதும்.

தொட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரியாதபடி நடுவில் செடி, வேர்க்கட்டை, கல் வைக்க வேண்டும். பார்வை மறைந்தால் பாதிச் சண்டை குறையும். தீனியை ஒரே இடத்தில் கொட்டாமல், இரண்டு பக்கமும் போட வேண்டும். புது மீனை விடும் நாளில் கல், குகைகளை இடம் மாற்றிவைத்தால், பழைய மீனுக்கும் அது புது இடமாகிவிடும். அதன் அதிகாரம் செல்லாது.

தண்ணீரையும் பாருங்கள்!

ராம் மீனின் பூர்வீகம் வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளில் உள்ள ஓரினோகோ ஆற்றுப் பகுதி. உப்பில்லாத மென்மையான தண்ணீரும், 27 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் அதற்குத் தேவை. உப்பு அதிகமுள்ள போர் தண்ணீரில் அது சோர்ந்துபோகும். முட்டையும் சரியாகப் பொரியாது. சுத்தமாகப் பிடித்துவைத்த மழைநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கலாம்.

முட்டையிட்ட பிறகு...

ராம், கிரிபென்சிஸ் மீன்களில் தாய், தகப்பன் இரண்டும் காவல் காக்கும். அபிஸ்டோகிராமாவில் பெண்தான் முட்டையைக் காக்கும். அந்த நேரத்தில் அதன் உடல் மஞ்சளாக மாறும். தன்னைவிடப் பெரிய ஆணையே அடித்து விரட்டும். சிறிய தொட்டியாக இருந்தால், ஆணைப் பிடித்து வேறு தொட்டியில் விடுவதே நல்லது.

எந்த மீனாக இருந்தாலும், நிறம் மங்கி, துடுப்பை மடக்கிக்கொண்டு, தீனிக்கு வராமல் மேல்மூலையில் நின்றால் அன்றே பிரிக்க வேண்டும். வேறு தொட்டி இல்லாதவர்கள், நைலான் வலையைச் சட்டத்தில் கட்டிக் குறுக்கே நிறுத்தலாம். சுத்தமான தண்ணீரில் இருந்தால் கிழிந்த துடுப்பு மெல்ல வளர்ந்துவிடும். சில நாள்கள் வலை வழியாகப் பார்த்துப் பழகிய பிறகு, பெண்ணின் வயிறு முட்டையால் உருண்டு தெரியும்போது வலையை எடுத்துப் பார்க்கலாம். மறுபடியும் அடித்தால் அந்த ஜோடி சேராது. ஒன்றைக் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்வதுதான் வழி. வேண்டாத மீனைக் கிணற்றிலோ, குளத்திலோ மட்டும் விட்டுவிடக் கூடாது.