வசவாகப் பிறந்த பட்டம்

பிரிட்டனில் ‘பிரைம் மினிஸ்டர்’ என்பது ஒரு காலத்தில் வசைச்சொல். மன்னர் முன்னே அமைச்சர்கள் எல்லோரும் ஒரே தரம் என்பது அன்றைய எண்ணம். அவர்களில் ஒருவர் மட்டும் ஓங்கி நின்று மற்றவர்களை ஆட்டிவைத்தால், எதிரணியினர் இப்படிச் சொல்லிக் குத்திக்காட்டுவார்கள்.

1721 முதல் 1742 வரை ஆட்சியை நடத்திய ராபர்ட் வால்போலைத்தான் முதல் பிரதமர் என்று இன்று வரலாறு சொல்கிறது. அவரோ 1741-இல் நாடாளுமன்றத்தில் எழுந்து, தாம் அப்படிப்பட்டவர் அல்ல என்று மறுத்தார். இருபது ஆண்டுகள் பிடியைத் தளர்த்தாதவர் சொன்னதை எத்தனை பேர் நம்பினார்களோ!

அவருடைய முறையான பதவி, கருவூலத்தின் முதல் பிரபு. இரண்டாம் ஜார்ஜ் மன்னர் டவுனிங் தெருவின் பத்தாம் எண் வீட்டை அவருக்கே சொந்தமாகத் தர முன்வந்தார். தமக்கு வேண்டாம், அந்தப் பதவிக்கு வருகிறவர்களுக்கு இருக்கட்டும் என்றார் வால்போல். 1735-இல் அங்கே குடியேறினார். அந்த வீட்டுக் கதவில், கடிதம் போடும் துவாரத்தின் மேல் இன்றும் பொறித்திருப்பது ‘கருவூலத்தின் முதல் பிரபு’ என்ற அந்தப் பழைய பட்டம்தான்.

போகப்போக வசை தேய்ந்து மரியாதை ஏறியது. 1878-ஆம் ஆண்டு பெர்லின் உடன்படிக்கையில், அன்று பிரிட்டனின் ஆட்சியை நடத்திய டிஸ்ரேலி பிரதமர் என்றே குறிப்பிடப்பட்டார். அரசு விழாக்களுக்கான முன்னுரிமை வரிசையில் பிரதமருக்கு இடம் கிடைத்தது 1905-இல். அதுவும் யார்க் பேராயருக்கு அடுத்துதான். பிரதமர் பதவிக்கென்று சட்டம் சம்பளம் வகுத்தது 1937-இல்: ஆண்டுக்கு 10,000 பவுண்டு.