பச்சையமும் சிவப்பொளியும்

செஞ்சி, வல்லம் வட்டாரங்களில் ஆடு, மாடு வளர்ப்போருக்கு உண்ணிச்செடியின் கேடு புதிதன்று. வறட்சிக் காலத்தில் வேறு பசுமை கிடைக்காமல் அதன் இலையைத் தின்ற கால்நடை வெயிலில் நின்றால், மூக்கும் காதும் வெள்ளைத் தோல் உள்ள இடங்களும் சிவந்து, வீங்கி, உரிந்துபோகின்றன. செடியின் நஞ்சு தாக்குவது கல்லீரலை. தோலை எரிப்பதோ வேறொன்று. தின்ற தழையிலுள்ள பச்சையம் இரைப்பையில் சிதைந்து பில்லோஎரித்ரின் என்ற பொருளாகிறது. வழக்கமாகப் பித்தநீரோடு வெளியேறிவிடும் அது, கல்லீரல் பழுதானபின் இரத்தத்தில் கலந்து தோலை அடைகிறது. அங்கே வெயில் பட்டதும் எரிச்சல் தொடங்குகிறது. நிழலில் கட்டிய மாட்டுக்குத் தோல் வெந்துபோவதில்லை.

இதே வேதியியலைத்தான் மருத்துவம் புற்றுக்கட்டியின்மீது ஏவுகிறது. 1900-ஆம் ஆண்டையொட்டி மியூனிக் நகரில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் சாயத்தில் இட்ட ஒருசெல் உயிரிகள் வெளிச்சத்தில் மடிவதையும் இருளில் பிழைத்திருப்பதையும் கண்டார். சாயம் மட்டுமோ, ஒளி மட்டுமோ அவற்றைக் கொல்லவில்லை. ஆக்சிஜனும் தேவை என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. பச்சையத்திலிருந்து பெறப்படும் டாலபோர்பின் என்ற மருந்தைத் தொடக்கநிலை நுரையீரல் புற்றுநோய்க்கு ஜப்பான் 2003-இல் ஏற்றுக்கொண்டது. மருந்தை இரத்தக்குழாய் வழியே செலுத்திச் சில மணி நேரம் கழித்து, கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் 664 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள்.

உயிரணுவுக்குள் நிகழ்வது என்ன? ஒளியை உறிஞ்சிய மருந்து மூலக்கூறு தன் ஆற்றலை அருகிலுள்ள ஆக்சிஜனுக்குக் கைமாற்றுகிறது. சிங்லெட் ஆக்சிஜன் எனப்படும் அந்தக் கிளர்ச்சியுற்ற வடிவம் நொடிப்பொழுதுகூட நீடிப்பதில்லை. உயிரணுவின் அகலத்தில் மிகச் சிறு தொலைவே செல்லும். எனவே மருந்து எங்கே தங்கியதோ அங்கேதான் அடி விழுகிறது. மைட்டோகாண்ட்ரியாவில் தங்கினால், அதிலிருந்து கசியும் சைட்டோகுரோம்-சி என்னும் புரதம் கேஸ்பேஸ் நொதிகளைத் தூண்டுகிறது. உயிரணு தன்னைத்தானே ஒழுங்காகக் கலைத்துக்கொண்டு மடிகிறது. இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர். புறச்சவ்வு தாக்கப்பட்டாலோ, ஒளியின் அளவு மிகுந்தாலோ உயிரணு வெடித்துச் சிதறி, சுற்றிலும் அழற்சி மூள்கிறது. அழற்சி எப்போதும் கெடுதலன்று: சிதறியவற்றைக் கண்டு நோயெதிர்ப்பு அணுக்கள் விழித்துக்கொள்வதும் உண்டு. கட்டிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நுண்குழாய்கள் அடைபடுவது மற்றொரு பலன்.

எல்லைகளும் உண்டு. சிவப்பொளியே உடற்தசைக்குள் சில மில்லிமீட்டர் ஆழம்தான் பயனுறச் செல்லும். மஞ்சளின் குர்க்குமின் நீல ஒளியையே விரும்பி உறிஞ்சுகிறது. நீல ஒளி ஒரு மில்லிமீட்டர் தாண்டுவதே அரிது. ஆய்வுக்கூடத் தட்டில் புற்றணுக்களைக் கொல்லும் அது, உடலுக்குள் பெரிதாகப் பயன்படாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உடல் முழுதும் பரவிவிட்ட நோய்க்கு ஒளிச்சிகிச்சை தீர்வன்று. சிகிச்சை பெற்றவர் மருந்துக்கேற்பச் சில நாள்களோ, வாரங்களோ வெயிலைத் தவிர்க்கவும் வேண்டும்.

இந்தச் செய்தியின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டுதான் 'பச்சிலைச் சாறு புற்றைக் கரைக்கும்' என்ற பேச்சு கைப்பேசிகளில் உலவுகிறது. குடிக்கும் பச்சையத்தில் மிகச் சொற்பமே இரத்தத்தை அடைகிறது. அப்படி இல்லையென்றால், கீரை உண்டு வயலுக்குப் போகும் நம் எல்லோருடைய தோலும் அந்த மாட்டின் தோலைப் போலத்தான் ஆகியிருக்கும்! சாற்றை நம்பிக் கழியும் மூன்று மாதங்களில், எளிதில் அகற்றியிருக்கக்கூடிய வாய்ப்புண் கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிவிடக்கூடும். இரண்டு, மூன்று வாரங்களில் ஆறாத வாய்ப்புண்ணோடு செல்ல வேண்டிய இடம் மருத்துவமனையே. விழுப்புரம் மாவட்டத்தாருக்குப் புதுச்சேரி ஜிப்மர் தொலைவில் இல்லை.

தொடக்கநிலை வாய்ப்புற்றுக்கு, மின்கலத்தில் இயங்கும் மலிவான எல்இடி விளக்கைக் கொண்டு இதே சிகிச்சையை அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து சோதித்துள்ளனர். அங்கே பயன்பட்ட அமினோலெவுலினிக் அமிலம் பச்சிலை மருந்தன்று. அதைக்கொண்டு ஒளியுணர் பொருளை நோயாளியின் உயிரணுக்களே உருவாக்கிக்கொள்கின்றன. செடிகள் பச்சையத்தை உருவாக்கத் தொடங்குவதும் அதே அமிலத்திலிருந்துதான்.