நிரலாளர் போர்ட்ஃபோலியோ

நிரலாளர் போர்ட்ஃபோலியோ என்பது மென்பொருள் உருவாக்குநர் ஒருவர் தாம் எழுதிய நிரல்களையும் அவற்றின் விளக்கங்களையும் பிறர் திறந்து சோதிக்கும்படி இணையத்தில் திரட்டி வைக்கும் தொகுப்பு ஆகும். "பைத்தான் தெரியும்" என்று தன்விவரக் குறிப்பில் யாரும் எழுதலாம். போர்ட்ஃபோலியோ அதைச் செய்து காட்டுகிறது. பணி அனுபவம் இல்லாத புதிய பட்டதாரிக்கு இது முக்கியமான சான்றாகும்.

வைக்கும் இடம்

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் என்ற மென்பொருளை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கினார். கிட் களஞ்சியங்களை இணையத்தில் வைக்க உதவும் கிட்ஹப் தளம் 2008-இல் தொடங்கப்பட்டது. மாணவருக்கு இதன் இலவசக் கணக்கே போதுமானது. கிட்ஹப் பேஜஸ் வசதியைக் கொண்டு சொந்த இணையப் பக்கமும் அமைக்கலாம்.

எவற்றைச் சேர்ப்பது?

முடிக்கப்படாத இருபது திட்டங்களைவிட முழுமையாக இயங்கும் இரண்டு மூன்று திட்டங்கள் மேலானவை. காணொளிப் பாடத்தைப் பார்த்து எழுதிய கால்குலேட்டர் பலரிடமும் ஒரே வடிவில் இருக்கும். தமக்குத் தெரிந்த ஒரு சிக்கலைத் தீர்க்கும் நிரலே கவனம் பெறும்.

எடுத்துக்காட்டாக, தமிழ் எழுத்துகளை எண்ணும் நிரலைக் கொள்ளலாம். "தமிழ்" என்ற சொல்லில் மூன்று எழுத்துகள் உள்ளன. ஆனால் பைத்தானின் லென் செயற்கூறு 5 என்று விடை தரும். யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகியவை தனித்தனிக் குறியீடுகளாக இருப்பதே காரணம். இதைக் கண்டறிந்து சரியான விடை தரும் சிறிய நிரல், எழுதியவரின் சிந்தனையைக் காட்டும்.

விளக்கக் கோப்பு

ஒவ்வொரு திட்டத்துக்கும் ரீட்மீ என்ற விளக்கக் கோப்பு தேவை. அதில் இடம்பெற வேண்டியவை:

- நிரல் தீர்க்கும் சிக்கல்
- நிறுவி இயக்கும் முறை
- திரைப்பிடிப்பு அல்லது மாதிரி விடை
- இன்னும் தீராத குறைகள்
- குழுத் திட்டமாயின் தமது பங்கு

சொந்த உழைப்பு

இறுதியாண்டுத் திட்டப்பணியை விலைக்கு வாங்கிப் போர்ட்ஃபோலியோவில் சேர்க்கும் மாணவர்களும் உண்டு. நேர்காணலில் "இந்த இடத்தில் ஏன் இப்படி எழுதினீர்கள்?" என்ற ஒரு கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும். கிட்டின் பதிவுகளும் இதை உணர்த்தும். பல வாரங்களாகச் சிறிது சிறிதாக எழுதித் திருத்திய வேலைக்கும், ஒரே நாளில் மொத்தமாக ஏற்றிய வேலைக்கும் வேறுபாடு தெரியும். செயற்கை நுண்ணறிவின் துணையுடன் எழுதியிருந்தாலும் ஒவ்வொரு வரியையும் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். திருத்திய பிழைகள் பதிவில் இருப்பது குறையன்று, கற்றதன் அடையாளம்.

எச்சரிக்கை

கடவுச்சொற்களைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றக்கூடாது. பின்னர் அந்த வரியை அழித்தாலும் பழைய பதிவில் அது இருக்கும். தவறி ஏற்றிவிட்டால், உடனே கடவுச்சொல்லை மாற்றிவிட வேண்டும்.